வயிற்றில் பெரிய கட்டி, பெயர் தெரியவில்லை: முதல் ஆபரேஷனை எங்கே செய்வது?

குறிஞ்சிப்பாடிக்காரர் ஒருவர், அரியாங்குப்பத்துக்காரர் ஒருவர், பண்ருட்டியிலிருந்து ஓர் அம்மா என்று பலரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "வயிறு உப்பலா இருக்குன்னு ஸ்கேன் எடுத்தோம். ரெட்ரோபெரிடோனியல் மாஸ்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு. இங்கேயே எடுத்துடலாம், அடுத்த வாரமே தேதி தர்றேன்னு டாக்டர் சொல்றார். சொந்தக்காரங்கள்ல பாதிப் பேர் ஜிப்மருங்கிறாங்க, பாதிப் பேர் வேலூருங்கிறாங்க. என்ன பண்றது?"

நான் மருத்துவர் இல்லை. கடலூர், புதுச்சேரிப் பக்கத்து நோயாளிகளுக்குத் துணையாகப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போய், ஃபைலை வரிசைப்படுத்தி, டாக்டர் சொன்னதை வீட்டாருக்குப் புரியும்படி சொல்லிப் பழகியவன். அதனால் எந்தச் சிகிச்சை என்பதைத் தொடப்போவதில்லை. எங்கே போவது, எதை முதலில் செய்வது என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வகைக் கட்டியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது முதல் ஆபரேஷன். கட்டியின் பெயர் தெரிவதற்கு முன்னால் யாரும் கத்தி வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பது அதற்கு அடுத்த வேலை.

இது என்ன மாதிரிக் கட்டி

குடலுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டினாற்போல் ஓர் இடம் இருக்கிறது. அதைத்தான் ரிப்போர்ட்டில் ரெட்ரோபெரிடோனியல் என்று எழுதுகிறார்கள். சிறுநீரகங்கள், கணையம், மகாதமனி, பெருஞ்சிரை, சிறுநீர்க்குழாய்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அங்கே வளரும் கட்டியை முன்பக்கம் தடுக்க எலும்பு கிடையாது. குடலை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, வலியே காட்டாமல் மாதக்கணக்கில் வளரும். கண்டுபிடிக்கும்போது பலருக்கு 15 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கும். கொழுப்புத் திசுவில் வரும் லைப்போசார்கோமாவும், மென்தசையில் வரும் லியோமயோசார்கோமாவும்தான் இங்கே வரும் சார்கோமாக்களில், அதாவது கொழுப்பு, தசை போன்ற திசுக்களில் வரும் புற்றுநோய்களில், அதிகம். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் மென்திசு சார்கோமா மொத்தமே நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். அதிலும் 10 முதல் 15 விழுக்காடுதான் இந்த இடத்தில் வருகிறது. ஒரு சிறு நகரத்துச் சர்ஜன் தன் அனுபவம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இதைப் பார்த்திருப்பார். அதை அவர் குறையாகச் சொல்ல முடியாது. நோயே அவ்வளவு அரிது.

அது பிடிபடாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. கட்டி தன் பெயரில் தொல்லை கொடுப்பதில்லை, பக்கத்து உறுப்பின் பெயரில் கொடுக்கிறது. சிறுநீர்க்குழாயை அமுக்கினால் 'கிட்னி வீக்கம்' என்று ரிப்போர்ட் வரும், கல் இருக்கிறதா என்று தேடுவார்கள். பெருஞ்சிரையை அமுக்கினால் கால் வீங்கும், அதற்கு ஒரு மாத்திரை. இரைப்பையைத் தள்ளினால் நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடும், காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை. தொடைக்குப் போகும் நரம்பைத் தொட்டால் மரத்துப்போகும், முதுகு டிஸ்க் என்பார்கள். கொழுப்புக் கட்டி தொடை இடுக்கு வரை இறங்கினால் குடலிறக்கம் என்று ஆபரேஷனுக்கே போய்விடுவார்கள். பெண்களுக்குச் சினைப்பைக் கட்டி, கர்ப்பப்பைக் கட்டி என்று பெயர் மாறும். நம் ஊரில் இன்னொன்றும் சேர்கிறது. காசநோய் நிணநீர்க் கட்டிகளும், முதுகெலும்புக் காசநோயிலிருந்து வரும் சீழ்க்கட்டியும் இதே இடத்தில் வரும் என்பதால், சதையை எடுத்துப் பார்க்காமலேயே டி.பி. மாத்திரை தொடங்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

நெல்லிக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒருவருக்குச் சட்டையில் கடைசி இரண்டு பொத்தான்களைப் போட முடியாமல் போனது. மேல் பொத்தான்களைப் போட்டாலோ சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. "ஏங்க, கழுத்தெலும்பு தெரியுது, வயிறு மட்டும் எப்படிங்க ஏறும்?" என்று அவர் மனைவி கேட்ட கேள்விதான் அவரை ஸ்கேன் வரை கொண்டுபோனது. அதுவரை பார்த்தவர்கள் எல்லாரும் தொப்பை என்றே சொல்லியிருந்தார்கள். உடம்பு இளைத்து வயிறு மட்டும் பெருத்தால் அதைத் தொப்பை என்று விட்டுவிடாதீர்கள்.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல்: கட்டியின் பெயரைச் சரியாகச் சொல்ல அங்கே ஆள் உண்டா? ஊசி போட்டு எடுக்கும் கதிரியக்க மருத்துவர் ஒருபுறம், எடுத்த சதையைப் பார்த்துச் சொல்லும் நோய்க்குறியியல் மருத்துவர் மறுபுறம். சார்கோமாவில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட உட்பிரிவுகள் இருக்கின்றன. சாதாரணக் கொழுப்புக் கட்டிக்கும் இயல்பான கொழுப்பைப் போலவே தோன்றும் லைப்போசார்கோமாவுக்கும் நுண்ணோக்கியில் வித்தியாசம் தெரியாமல் போவது உண்டு. அப்போது எம்.டி.எம்.2 என்ற மரபணு பெருகியிருக்கிறதா என்று ஃபிஷ் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டாவது: ஆபரேஷன் மேசையைச் சுற்றி எத்தனை துறைக்காரர்கள் நிற்க முடியும்? கட்டியோடு ஒரு சிறுநீரகம், பெருங்குடலின் ஒரு பகுதி, சில சமயம் மண்ணீரல், கணையத்தின் வால் என்று சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும். பெருஞ்சிரையைத் தைக்க வேண்டிவரலாம். வயிறு திறந்த பிறகு "வாஸ்குலர் சர்ஜனுக்குப் போன் போடுங்க" என்கிற இடத்தில் இதைச் செய்யக் கூடாது.

மூன்றாவது, பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து போக முடிகிற தூரமா என்பது. இந்தக் கட்டிகள் அதே இடத்தில் மறுபடி முளைப்பதில் பேர்போனவை. பத்து ஆண்டு கழித்தும் வந்ததுண்டு. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு சி.டி. ஸ்கேன் என்று போகும்.

அப்புறம் பணம். கடைசியாக நேரம். நேரத்தைக் கடைசியில் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். 'உடனே எடுக்காவிட்டால் பரவிவிடும்' என்ற பயத்தில்தான் பெரும்பாலோர் தவறான இடத்தில் படுக்கிறார்கள். மாதக்கணக்கில் வளர்ந்த கட்டிக்குப் பரிசோதனைகளுக்காகச் சில வாரம் செலவழிப்பது பொதுவாக ஆட்டத்தை மாற்றிவிடாது. வாரத்துக்கு வாரம் கண்ணுக்குத் தெரிய வளர்கிறது என்றால் அது வேறு கணக்கு. அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.

முதல் கிளை: எடுத்துவிட்டுப் பெயர் பார்ப்பதா, பெயர் பார்த்துவிட்டு எடுப்பதா

எந்த ஆஸ்பத்திரி என்பதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். பாதி வாசகர்களுக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும்.

'எப்படியும் எடுக்கத்தானே போறோம், எடுத்ததை லேபுக்கு அனுப்பலாம்' என்ற பேச்சு கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால், இந்த இடத்தில் வரும் கட்டிகள் எல்லாவற்றையும் எடுக்கவே வேண்டியதில்லை. லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்றால் கீமோதெரபிதான், வயிற்றைக் கிழித்தது வீண். இளம் ஆண்களுக்கு விதைப்பையிலிருந்து பரவும் ஜெர்ம் செல் கட்டி என்றால் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளே துப்புக் கொடுத்துவிடும். அதற்கும் கீமோதான் முதலில். இரைப்பை, குடல் சுவரில் வரும் 'ஜிஸ்ட்' என்ற வகை என்றால் இமாட்டினிப் மாத்திரையால் சுருக்கிவிட்டு, உறுப்புகளைக் காப்பாற்றிக்கொண்டு எடுக்கலாம். அந்த மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2013இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்திய நிறுவனங்களின் மாத்திரை அசல் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கிறது. டெஸ்மாய்டு என்ற நார்த்திசுக் கட்டி என்றால் இன்று பல சமயம் முதல் யோசனை 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்பதுதான். சில கட்டிகள் தாமாகவே நின்றுவிடுகின்றன, சுருங்கக்கூடச் செய்கின்றன. டி.பி. என்றால் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று உயிர் விஷயம். அட்ரினல் சுரப்பியிலோ அதன் பக்கத்திலோ வரும் ஃபியோகுரோமோசைட்டோமா, பாராகாங்லியோமா என்ற கட்டிகள் அட்ரினலினைக் கொட்டுபவை. தெரியாமல் கை வைத்தால் மேசையிலேயே பி.பி. எகிறி ஆபத்தாகிவிடும். திடீர்திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு, ஏறி இறங்கும் பி.பி. இருந்தால் ஊசி போடுவதற்கு முன்பே சிறுநீரிலோ ரத்தத்திலோ மெட்டாநெஃப்ரின் என்ற பொருளின் அளவைப் பார்க்க வேண்டும். தெரிந்துவிட்டால் ஒன்றிரண்டு வாரம் மாத்திரை கொடுத்துத் தயார்செய்துவிட்டுத்தான் ஆபரேஷன்.

'ஊசி போட்டால் கட்டி பரவிவிடும்' என்று ஊரே சொல்லும். சி.டி. பார்த்துக்கொண்டே முதுகுப் பக்கமாகப் போட்டு, மெல்லிய இழை போலச் சதையை எடுக்கும் கோர் பயாப்சியில் ஊசித் தடத்தில் கட்டி முளைப்பது மிக மிக அரிது. பயப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு. ஒன்று, எஃப்.என்.ஏ.சி. என்ற மெல்லிய ஊசி: அதில் வரும் ஒருபிடிச் செல்லை வைத்துச் சார்கோமாவின் வகையைச் சொல்ல முடியாது. இரண்டு, வயிற்றைத் திறந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துவிட்டு மூடுவது: அதில்தான் கட்டி வயிற்றுக்குள் சிந்தும் அபாயம் உண்டு. லேப்ராஸ்கோப்பில் துண்டு துண்டாக எடுப்பதும் அப்படியே.

கட்டிக்குத் தோல் மாதிரி ஓர் உறை இருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும். அந்த உறையிலேயே நோய்ச் செல்கள் இருக்கின்றன. உறையோடு உரித்து எடுத்துவிட்டு 'சுத்தமா வந்துடுச்சு' என்பது பலாச்சுளையை எடுத்துவிட்டுச் சடையை உள்ளேயே விட்டுவைப்பது மாதிரிதான். நான் துணைக்குப் போன ஒருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷன் பற்றி இருந்தது ஒரே வரி: கட்டி துண்டு துண்டாக அகற்றப்பட்டது. எந்த உறுப்பை ஒட்டியிருந்தது, விளிம்பில் மிச்சம் உண்டா, ஒன்றும் இல்லை. லேப் ரிப்போர்ட் 'லைப்போமா' என்றது. இரண்டாவது வருடம் கட்டி மறுபடி வந்தபோது அதைப் பார்த்த பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "முதல்லயே வந்திருந்தா ஒரு கிட்னியோட போயிருக்கும்மா" என்று நோயாளியின் மகளிடம் மெதுவாகச் சொன்னார். இப்போது குடலும் சேர்ந்துவிட்டது.

கோர் பயாப்சி இல்லாமலும் சில நேரம் நேராக ஆபரேஷனுக்குப் போவார்கள். சி.டி.யிலேயே லைப்போசார்கோமா என்பது ஐயமில்லாமல் தெரிந்தால், அனுபவமுள்ள குழு அப்படி முடிவெடுப்பது உண்டு. அது கூடிப் பேசி எடுத்த முடிவா, ஒருவருடைய அவசரமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உள்ளூர்த் தனியார் மருத்துவமனை

கடலூரிலும் புதுச்சேரியிலும் நல்ல சர்ஜன்கள் இருக்கிறார்கள். பித்தப்பை, குடல்வால், குடலிறக்கம் என்றால் நானே அவர்களிடம்தான் அனுப்புவேன். சி.டி. எடுக்க, சிறுநீரகம் எப்படி வேலைசெய்கிறது என்று கிரியேட்டினின் பார்க்க, ரத்தசோகையைச் சரிசெய்ய உள்ளூர்தான் வசதி. தேதி சீக்கிரம் கிடைக்கும், வீட்டுச் சாப்பாடு வரும், தெரிந்த முகங்கள். இந்தக் கட்டிக்கு மட்டும் அந்த வசதிகள் போதாது.

மறைந்திருக்கும் செலவைப் பாருங்கள். பேக்கேஜ் என்று சொல்லும் தொகையில் ரத்தம், கூடுதல் ஐ.சி.யூ. நாட்கள், வெளியிலிருந்து வரும் சர்ஜனின் ஃபீஸ், கட்டியின் வகையைச் சொல்லும் இம்யூனோ பரிசோதனை எல்லாம் பெரும்பாலும் அடங்காது. அதைவிடப் பெரிய செலவு, கட்டி மிச்சம் வைக்கப்பட்டால் இரண்டாவது ஆபரேஷன் பெரிய ஆஸ்பத்திரியில் இதைவிடக் கடினமாகச் செய்ய வேண்டியிருப்பது.

உள்ளூர் சரியான இடமாகும் நேரங்களும் உண்டு. குடல் அடைத்துக்கொண்டு வாந்தி, கட்டிக்குள் ரத்தக் கசிவு, இரண்டு பக்கச் சிறுநீர்க்குழாயும் அடைபட்டு யூரியா ஏறுவது. அப்போது பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு ஓட முடியாது. ஆனால் உள்ளூரில் கேட்க வேண்டியது கட்டியை எடுப்பதை அல்ல. ஸ்டென்ட், முதுகு வழியாகச் சிறுநீரை வடிக்கும் குழாய், ரத்தம் ஏற்றுவது என்று நிலைமையைச் சமாளித்து அனுப்பி வைப்பதை.

கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் பக்கம் உள்ள தனியார் மருத்துவக் கல்லூரிகள் இடைப்பட்டவை. சி.டி., பயாப்சி வரை அங்கே குறைந்த செலவில் முடித்துக்கொண்டு மேலே போகிறவர்கள் உண்டு. ஆபரேஷனும் அங்கேயே என்றால் மேலே சொன்ன அளவுகோல்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரிக்கும் இதே கேள்விகள்தான்.

ஜிப்மர்

கடலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். நம் பகுதி ஆட்களுக்கு இது எப்பேர்ப்பட்ட வாய்ப்பு என்பது பக்கத்திலேயே இருப்பதால் நமக்கே உறைப்பதில்லை. மண்டலப் புற்றுநோய் மையம், புற்றுநோய் அறுவை, குடல்-இரைப்பை அறுவை, சிறுநீரக அறுவை, இதய-ரத்தநாள அறுவை, நோய்க்குறியியல் எல்லாம் புதுச்சேரி கோரிமேட்டில் ஒரே வளாகத்துக்குள். முதல் இரண்டு அளவுகோல்களிலும் தேறுகிறது, மூன்றாவதான தொடர் கண்காணிப்பில் நமக்கு இதை அடிக்க வேறு இடமே இல்லை. காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பலாம்.

விலை பணத்தில் இல்லை, காத்திருப்பில் இருக்கிறது. ஓ.பி. வரிசை, ஸ்கேனுக்குத் தேதி, பயாப்சிக்குத் தேதி, படுக்கைக்குத் தேதி. ஒவ்வொரு துறையும் புதியவர்களைப் பார்க்கும் நாள் வேறு வேறு என்பதால் போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய அரசு விடுமுறைப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டுக் காலண்டரை நம்பிப் போய்த் திரும்பி வந்தவர்கள் நிறைய. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு வருகையும் இரண்டு பேரின் ஒருநாள் சம்பளம். இந்தக் கணக்கை யாரும் 'இலவச' சிகிச்சையில் சேர்ப்பதில்லை.

காத்திருப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு. உள்ளூரிலேயே கான்ட்ராஸ்ட் கொடுத்த சி.டி.யை எடுத்து, பிலிமோடு படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் வாங்கிக்கொண்டு போங்கள். நெஞ்சு சி.டி.யும் சேர்த்து எடுத்திருந்தால் இன்னும் நல்லது. சார்கோமா பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும். பொது அறுவைப் பிரிவில் சீட்டு வாங்கி ஒரு சுற்றுச் சுற்றுவதைவிட, பரிந்துரைக் கடிதத்தில் 'ரெட்ரோபெரிடோனியல் கட்டி, சார்கோமா ஐயம், அறுவைப் புற்றுநோயியல் கருத்துக்கு' என்று உள்ளூர் டாக்டரையே எழுதச் சொல்லுங்கள்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது ஜிப்மரைத்தான்.

சென்னை

சென்னையில் இரண்டு விதமான கதவுகள் இருக்கின்றன. ஒன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கியது, டாக்டர் சாந்தா வாழ்நாள் முழுக்க வளர்த்தது. புற்றுநோய் ஒன்றையே பார்க்கிற இடம் என்பதால் அரிதான வகைகள் அங்கே அவ்வளவு அரிதாக இருக்காது. நோய்க்குறியியல் இரண்டாம் கருத்துக்கும் நல்ல இடம். இன்னொன்று சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அங்கே புற்றுநோய் அறுவை, சிறுநீரகம், ரத்தநாளம் எல்லாத் துறைகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கட்டி பெருஞ்சிரைக்குள்ளேயே போயிருந்தால் எனக்கு இரண்டாவது கதவுதான் முதலில் தோன்றும்.

தூரம் சுமார் 150 முதல் 180 கிலோமீட்டர். திண்டிவனம் வழியாகப் போகும் பஸ் கிளாம்பாக்கத்திலேயே நின்றுவிடுவதால் வயிற்றில் இவ்வளவு பாரத்தோடு அங்கிருந்து அடையாறு போவது தனிப் பயணம். எழும்பூர் ரயில் பலருக்குச் சுலபம். புற்றுநோயாளிக்கும் உடன் போகிறவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரிச் சான்றிதழ் வேண்டும். சென்னையில் தங்க அண்ணன் வீடோ மகள் வீடோ இருந்தால் கணக்கே மாறிவிடும். இல்லையென்றால் லாட்ஜ் வாடகை ஆபரேஷன் செலவோடு போட்டிபோடும்.

ஜிப்மரில் தேதி மிகத் தள்ளிப்போகிறது, அல்லது கட்டி ஏற்கெனவே ஒருமுறை எடுக்கப்பட்டுத் திரும்ப வந்திருக்கிறது என்றால் சென்னை.

வேலூர் சி.எம்.சி.

விழுப்புரம், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ரயில் பாதை இருக்கிறது, அதனால் போவது நினைப்பதுபோல் கஷ்டமில்லை. சி.எம்.சி.யின் பலம் எல்லாத் துறையும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில். பெயர் கண்டுபிடிக்கவே முடியாத கட்டி, மூன்று லேப் மூன்று பெயர் சொன்ன கட்டி என்றால் நான் அங்கேதான் கை காட்டுவேன். ஜெனரல், பிரைவேட் என்று இரண்டு வகையாகப் பார்ப்பார்கள். பிரைவேட்டில் பதிவு செய்தால் சீக்கிரம் பார்க்கலாம், பில்லும் அதற்கேற்றாற்போல் ஏறும்.

காந்தி ரோடு லாட்ஜுகளில் வட இந்தியக் குடும்பங்கள் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டு நாள்கணக்கில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பரிசோதனைச் சுற்று அவ்வளவு நீளும். அதற்குப் பணத்தையும் துணைக்கு ஓர் ஆளையும் ஒதுக்கிவைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஆபரேஷனை அங்கே செய்துகொண்டு, பின்னர் 3 மாதத்துக்கு ஒருமுறை சி.டி.யை ஊரில் எடுத்துக் காட்டலாமா என்று முதல் வருகையிலேயே கேட்டுவிடுங்கள்.

பொறுத்துப் பார்ப்பது

இதுவும் ஒரு தேர்வுதான், பயாப்சி ரிப்போர்ட் கையில் வந்த பிறகு. டெஸ்மாய்டு, நரம்புறையில் வரும் ஷ்வானோமா, வயதில் மிகவும் மூத்தவருக்கு மெல்ல வளரும் கொழுப்புக் கட்டி போன்றவற்றில் டாக்டரே இதைச் சொல்லலாம். 'சரி, தீபாவளி போகட்டும்' என்று நாமாகத் தள்ளிப்போடுவது இந்த வகையில் சேராது. நாட்டு மருந்தில் கரைக்கிறேன் என்று சொல்கிறவர்களிடம் ஆறு மாதத்தைத் தொலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு மாதத்தில் சிறுநீரகம் ஒன்று செயலிழந்திருக்கும்.

ஒரே பார்வையில்

| | பெயர் கண்டுபிடிக்க | பல துறைச் சர்ஜன்கள் | காத்திருப்பு | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| உள்ளூர்த் தனியார் | வெளி லேபை நம்பி | வெளியிலிருந்து அழைத்து | குறைவு | பேக்கேஜுக்கு மேல் வரும் பில், மறு ஆபரேஷன் | அவசர நிலையைச் சமாளிக்க, சி.டி. எடுக்க |
| ஜிப்மர் | உண்டு | உண்டு | அதிகம் | போக்குவரத்து, கூலி இழப்பு | பெரும்பாலோருக்கு |
| சென்னை | உண்டு | உண்டு. ஆஸ்பத்திரியைப் பொறுத்தது | நடுத்தரம் முதல் அதிகம் | தங்குமிடம் | திரும்ப வந்த கட்டி, சென்னையில் உறவினர் உள்ளவர் |
| வேலூர் | உண்டு | உண்டு | நடுத்தரம் | லாட்ஜ், பில் | பெயர் குழம்பிய கட்டி |

காப்பீட்டு அட்டை: மாநில எல்லைச் சிக்கல்

நம் பக்கத்துக்கே உரிய தலைவலி இது. கடலூர்க்காரர் கையில் தமிழ்நாட்டு அட்டை, ஆஸ்பத்திரி புதுச்சேரியில். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அந்த அட்டை எந்த ஆஸ்பத்திரியில், எந்த ஆபரேஷனுக்குச் செல்லும் என்பதை அந்தந்த இடத்துக் காப்பீட்டுக் கவுன்டரில் முதல் நாளே கேளுங்கள். அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, பயாப்சி ரிப்போர்ட் வரும் நாட்களுக்குள் கலெக்டர் ஆபீசில் பதிவு செய்துவிடலாம். அட்மிஷன் நாளில் ஓடுவது வேண்டாம். புதுச்சேரிக்காரர்கள் ஆயுஷ்மான் பாரத் அட்டையையும் சிவப்பு ரேஷன் அட்டையையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் இவற்றைக் கேளுங்கள். பயாப்சி எப்போது, கோர் ஊசியா? பல துறை டாக்டர்கள் கூடிப் பேசும் டியூமர் போர்டில் வைத்துப் பேசுவீர்களா? எந்தெந்த உறுப்பு சேர்ந்து போகலாம்? சிறுநீரகம் ஒன்று போகும் என்றால் மற்றது தனியாகத் தாங்குமா என்று டி.டி.பி.ஏ. ஸ்கேன் பார்த்தாகிவிட்டதா? மண்ணீரல் போகும் என்றால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகளை இரண்டு வாரம் முன்பே போட வேண்டாமா? கடைசிக் கேள்விக்கு உடனே சரியான பதில் வந்தால், நீங்கள் பெரும்பாலும் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள் என்பது என் கணிப்பு.

ஆபரேஷனுக்கு முன் ரேடியேஷன் கொடுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஸ்ட்ராஸ் என்ற ஆய்வில் 266 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள், முடிவு 2020இல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் கட்டி திரும்ப வருவதை அது தடுக்கவில்லை. சில லைப்போசார்கோமா வகைகளில் பயன் இருக்கலாம் என்ற குறிப்பு மட்டும் கிடைத்தது. ஆகவே ரேடியேஷன் தரவில்லை என்பதற்காக ஒரு ஆஸ்பத்திரியைக் குறைவாக எண்ண வேண்டாம்.

ஏற்கெனவே ஆபரேஷன் முடிந்துவிட்டவர்களுக்கு

இதைப் படிக்கிற சிலருக்கு ஆபரேஷன் முடிந்து தையலும் பிரித்திருப்பார்கள். ரிப்போர்ட்டில் சார்கோமா என்று இருந்தாலோ, விளிம்பில் கட்டி மிச்சம் என்று இருந்தாலோ, பெரிய கொழுப்புக் கட்டிக்கு வெறுமனே லைப்போமா என்று எழுதியிருந்தாலோ ஒருமுறை ஜிப்மரிலோ அடையாறிலோ காட்டிவிடுங்கள். கையில் இருக்க வேண்டியவை: ஆபரேஷனுக்கு முன் எடுத்த சி.டி., ஆபரேஷன் குறிப்பு முழுதாக, லேப் ரிப்போர்ட், ஸ்லைடுகள், எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த சதையைப் பதித்து லேபில் வைத்திருக்கும் மெழுகு பிளாக். பிளாக் இருந்தால்தான் மறுபடி வெட்டி எம்.டி.எம்.2 பார்க்க முடியும், சதையை மறுபடி எடுக்க வேண்டியிருக்காது. எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்பது லேபுக்கு லேப் மாறும். எழுத்தில் கேட்டால் கொடுப்பார்கள். லேப் ரசீதில் உள்ள எண்ணைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.